சுவருக்குக் கொசுறு

எங்கள் வரிசையில் ஆறு கடைகள். ஆறாவது எங்கள் துணிக்கடை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஆறு ஷட்டர்களிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் கடிதம் வந்தது. வரிசையை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி கட்டப் போகிறார்களாம். இருபத்துநான்கு சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்குப் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இடம் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் இவ்வளவு காலம் வியாபாரம் செய்ததற்கு நன்றி. அளவை உரிமையாளரே எடுத்து, படிவத்தில் எழுதி, கையெழுத்திட்டுத் தர வேண்டும். 'உங்கள்மீது எங்களுக்குள்ள நம்பிக்கையின் அடையாளமாக' என்று முடித்திருந்தார்கள். நம்பிக்கை என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்த கட்டுமானக் கம்பெனிக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நன்றாகச் சிரிப்பார். எங்கள் கடையில் சட்டைத் துணி இரண்டரை மீட்டர் வாங்கிக்கொண்டார். அப்பா அளப்பதை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டிய காட்சிதான். அப்பாவுக்குத் தெருவில் 'நாலு விரல்' என்று பெயர். இரும்புக் கோலால் ஒரு மீட்டர் அளந்ததும், கோலின் நுனியில் இடது கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைப்பார். விரல்களைத் தாண்டித்தான் அடுத்த மீட்டர் ஆரம்பமாகும். அந்த நாலு விரல் கொசுறு. கேட்டவருக்கும் உண்டு, கேட்காதவருக்கும் உண்டு. மீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் வீதம் அவர் இதுவரை கொடுத்த துணியைச் சேர்த்துத் தைத்தால் இந்த ஊருக்கே ஒரு சட்டை போட்டுவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு.

படிவத்தை நிரப்ப அன்று மத்தியானமே கடையை அளந்தோம். அப்பா அளந்தார். நான் எழுதினேன். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். குடும்பத்தில் ஒருவர்கூட விடுபட்டுவிடவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். நீளம் நாலு மீட்டர் எழுபது, அகலம் நாலு மீட்டர் எழுபது. பெருக்கினால் இருபத்திரண்டு.

"இருபத்திரண்டுதான் வருதுப்பா."

"வர்றதைத்தானே எழுதணும்? எழுது."

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு கடைக்கும் இருபத்தைந்து சதுர மீட்டர், இடம் உண்டு. ஆறாவது கடை இருபத்திரண்டு, நன்றி. பக்கத்துக் கடைத் தையல்காரர் பட்டியலைப் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

"அண்ணே, ஆறும் ஒரே நாள்ல ஒரே மேஸ்திரி கட்டின கடை. உங்களுது மட்டும் எப்படிண்ணே சுருங்குச்சு? தண்ணியில கிண்ணியில நனைச்சீங்களா?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோலை எடுத்துத் தரையில் போட்டு அவர் கண்ணெதிரே மறுபடி அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது மீட்டருக்குக் கோலை நகர்த்தும்போது அம்மா கத்தினாள்.

"நிறுத்துங்க! அந்தக் கையை அப்படியே வைங்க!"

அப்பா அசையவில்லை. கோலின் நுனியில், சிமென்ட் தரையில், நாலு விரல்கள் ஒழுங்காகப் படுத்திருந்தன.

"சுவருக்குமா கொசுறு குடுப்பீங்க?" என்றாள் அம்மா.

தையல்காரர் சிரிக்க வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தன் நாடாவைக் கொண்டுவந்து அளந்தார். ஐந்துக்கு ஐந்து. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நானும் அப்பாவும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். கம்பெனிக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். எங்கள் சட்டைத் துணியைத்தான் தைத்துப் போட்டிருந்தார். அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

"தப்பா அளந்துட்டேன் தம்பி. ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க" என்றார் அப்பா.

"ஐயோ சார், நீங்க போய் தப்பா அளப்பீங்களா? முப்பது வருஷமா அளக்கிற கை. நீங்களே அளந்து, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க நேர்மைமேல எங்களுக்குச் சந்தேகமே கிடையாது."

"எனக்கு இருக்கே."

"கவலையே படாதீங்க. மனுவா எழுதிக் குடுங்க. பரிசீலிக்கிறோம்."

எழுதிக் கொடுத்தோம். அதைப் பரிசீலனையில் வைத்தார்கள். அதற்குள் ஒன்றாம் கடை காலியானது. பிறகு இரண்டும் மூன்றும். காலியான கடைகளின் ஷட்டர்களை முதலில் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் தெருவில் நடந்தால் வரிசையாகத் திறந்த வாய்கள் தெரிந்தன. தையல்காரர் போகும்போது, "மனு என்னாச்சுண்ணே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் மெஷினை வண்டியில் ஏற்றினார். வரிசையில் நாங்கள் மட்டும் விளக்குப் போட்டிருந்தோம். வாடிக்கையாளர் எவராவது உள்ளே வந்தால், கால் வைத்த இடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

ஒரு திங்கட்கிழமை கம்பெனிக்காரரே வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது.

"சார், நம்ம பகுதி வியாபாரிங்களுக்குத்தான் முன்னுரிமைன்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க. இடிக்கிறப்ப தூசி பறக்காம முன்பக்கம் பூரா மறைக்கணும். பச்சைக் காடாத் துணி இருக்கா?"

இருந்தது. அந்த வருஷத்தின் பெரிய ஆர்டர். அப்பாவின் கை தானாகக் கோலைத் தேடியது.

"எத்தனை மீட்டர் தம்பி?"

"இருபத்தெட்டு."

நான் மனதில் கணக்குப் போட்டேன். ஆறு கடை, கடைக்கு ஐந்து மீட்டர். "முப்பது வேணுமே சார்?" என்றேன்.

கம்பெனிக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் இடது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருபத்தெட்டு போதும். உங்க அப்பா மீட்டர்ல."

இருபத்தெட்டு மீட்டருக்கு நாலு நாலு விரலாகச் சேர்த்தால் இரண்டு மீட்டர். கச்சிதமாக முப்பது. படிவத்தை வாங்கிய அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே, சட்டைத் துணி வாங்கிய அன்றே தெரிந்திருக்கலாம்.

"அப்போ எங்க மனு?" என்று கேட்டாள் அம்மா.

"பரிசீலனையில இருக்கும்மா."

அப்பா துணிக் கட்டைப் பிரித்தார். முதல் மீட்டரை அளந்தார். இடது கை பழக்கத்தில் கோலின் நுனிக்குப் போனது. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். மீதி இருபத்தேழையும் ஒற்றைக் கையால், மீட்டர் மீட்டராக அளந்தார். துணி நழுவியபோது அம்மா பிடித்துக்கொண்டாள். வெட்டும்போது மட்டும் கை வெளியே வந்தது.

"என்ன சார், கொசுறு இல்லையா?"

"படிவத்துல எழுதலையே" என்றார் அப்பா.

மறுநாள் கட்டினார்கள். ஒன்றாம் கடையிலிருந்து ஆரம்பித்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் கடையில் மூன்று மீட்டர் வரை வந்து துணி தீர்ந்துவிட்டது. எங்கள் வாசல் மட்டும் திறந்து கிடந்தது. ஆட்கள் இழுத்துப் பார்த்தார்கள். காடா இழுத்தால் வராது. அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

கம்பெனிக்காரர் வந்து, மூடாத அந்த இரண்டு மீட்டரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்ற இடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

"விடுங்க, துணியைக் கிழிக்க வேண்டாம். வழிதான் இருக்கே, இங்கேர்ந்து ஆரம்பிச்சிடலாம்."