வரிசை தப்பிய பூவரசு

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே முஸ்லிம்களின் அடக்கத்தலமான கபரஸ்தானுக்குள் பெண்கள் நுழையக் கூடாது. ஷம்ஷாத் பீயின் மகனை அடக்கம் செய்தபோது மண்மேட்டில் ஊன்றிய பூவரசங்கொம்பு வேர்பிடித்துச் சுவருக்கு மேல் தழைத்திருந்தது. அவள் தெருவில் நின்றே அதைப் பார்த்து மகனுக்காக துஆ கேட்பாள்.

அரசின் பருவநிலைத் திட்டத்தில் கன்று நட வந்தவர்கள், வரிசைக்கு இடைஞ்சலென்று அதை அடியோடு வெட்டிவிட்டார்கள்.

அவள் கபரஸ்தான் வாசலுக்கு ஓடி, பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் கதறினாள். “எம்புள்ள எங்க கெடக்கறான்னு இனிமே எனக்கு எப்பிடிங்க தெரியும்?”

“தெரிஞ்சி இன்னா பண்ணப்போற? எழுந்து வூட்டுக்கு வரப்போறானா? பூமியே சூடாவுது. உம்புள்ளைக்கும் நெழலு ஜாஸ்தியாத்தான் கெடைக்கும், போ.”

அப்போது கன்றோடு வந்த அதிகாரியம்மாவுக்கு அவர் குனிந்து வழிவிட்டார்.

“அவங்களும் பொம்பளதானேங்க?”

“அவங்க கவர்மெண்டு” என்று சொல்லி, முத்தவல்லி கதவைச் சாத்தினார்.