கொரீனின் ஸ்வெட்டர்

எங்கள் வீட்டில் குளிர் வந்தால் முதலில் போர்வை கிடைப்பது எனக்கில்லை, பீருக்கு.

அமெரிக்காவின் வடகோடியில் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் டுலூத் ஊரில் ஜனவரியில் ஏரிக்காற்று அடித்தால், வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் தரையில் கால் வைக்க முடியாது. அங்கேதான் என் கணவன் அர்விட் பெரிய கண்ணாடிக் குடுவையில் பீரை ஊறப்போட்டு நுரைக்க விடுவான். பீரை நுரைக்க வைக்கிற ஈஸ்ட் பச்சைக் குழந்தை மாதிரியாம், குளிர்ந்தால் தூங்கிவிடுமாம். அதனால் குடுவையைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் ஒரு பட்டை. அது போதாதென்று இந்த வருஷம் பட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர். சாம்பல் நிறக் கம்பளி, கழுத்தில் சிவப்பு வரி. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அவனுடைய முதல் மனைவி கொரீன் தன் கையால் பின்னியது.

"இத எங்கேர்ந்து தோண்டி எடுத்தே?"

"பழைய பெட்டியில கெடந்துது. நல்ல கம்பளி மார்லிஸ், சூடு வெளியவே போகாது."

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியே?"

"போடலாம்னுதான் இருந்தேன்."

"நம்ம ரெண்டு பேருக்கும் தலையே நரைச்சாச்சு. இன்னும் போடலாம்னுதான் இருக்கியா?"

அவன் குடுவையின் தோளில் ஸ்வெட்டரை மெதுவாக இழுத்துவிட்டு, அதன் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டான். ஒருநாள், ஒரே ஒருநாள் என் தோளில் இப்படி எதையாவது இழுத்துவிட்டிருப்பானா? பாழாய்ப்போன மனுஷன்.

கொரீன் எங்கேயாவது கண்காணாத ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. நாலு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் கூடும், அர்விட் போகிற அதே பீர் சங்கத்துக்கு அவளும் வருகிறாள். சங்கத்தின் குளிர்காலப் போட்டியில் அவள் பீர் ஏற்கெனவே ஜெயித்திருக்கிறது. அர்விட் பீருக்குக் கிடைத்ததெல்லாம், 'நகப்பூச்சு அழிக்கிற மருந்து மாதிரி வாசனை அடிக்கிறது' என்ற பெயர்தான். ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஜெயிக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அவள் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டா?

ஈஸ்ட் விழித்துக்கொண்டது. மூடியில் செருகியிருந்த குழாயில் 'குளுக் குளுக்' என்று விடாமல் சத்தம். அன்றைக்குப் பார்த்து அர்விட் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க நண்பர்களோடு ஒரு வாரத்துக்குக் கிளம்பினான். வாசலில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தான். சரி, பத்திரமாக இரு என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"பட்டைய மட்டும் பாத்துக்கோ. அணைஞ்சிடப் போகுது" என்றான்.

அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் கீழே இறங்கிப் போய் பட்டையின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். சாகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

செத்ததா? தினமும் போய்ப் பார்த்தேன். அது பாட்டுக்கு 'குளுக் குளுக்' என்றது. ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பார்த்தால் கண்ணாடி இதமான வெதுவெதுப்பில் இருந்தது. மேலே நான் இரண்டு காலுறை போட்டு நடுங்குகிறேன், இது இங்கே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. வயிறு எரிந்தது. நுரைத்து முடிந்து சத்தம் அடங்கிப்போன பிறகுதான் அவன் வண்டி வந்தது. ஓடிப்போய் பிளக்கைச் செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி சூப் கிண்டினேன்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஆளுக்கொரு பாத்திரம் சாப்பாடு கொண்டுவந்திருந்தோம். சங்கத் தலைவர் வெண்டெல் எல்லா பீரையும் ருசி பார்த்துவிட்டு அர்விட் பேரைச் சொன்னார். இந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

"என்னய்யா பண்ணே இந்தத் தடவ?" என்றார் வெண்டெல்.

"எல்லாம் பழையபடிதான். ஸ்வெட்டர் ஒண்ணுதான் புதுசு."

"சிவப்பு வரி போட்டதா? ஐயோ, இன்னும் வெச்சிருக்கியா!" கொரீன் கை தட்டிக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "மார்லிஸ் கண்ணு, கோவிச்சுக்காதே. என் கைராசி அப்படி."

ஜெயித்த பீருக்கு ஜெயித்தவர் அங்கேயே ஒரு பெயர் வைத்து, சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் எழுதவேண்டும். அதை ஒருபோதும் அழிப்பதில்லை. "கொரீன் ஸ்வெட்டர்னு எழுதுப்பா!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். அர்விட் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்தான்.

"ஸ்வெட்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீ மீன் பிடிக்கப் போனதும் பட்டைய நான் பிடுங்கிப் போட்டுட்டேன். நீ வர்ற வரைக்கும் சூடே கிடையாது."

அர்விட் சாக்பீஸோடு என் பக்கம் திரும்பினான்.

"ஏன் மார்லிஸ்?"

"ஏனா? அந்த பீர் சாகணும்னுதான்! அந்த ஸ்வெட்டர அது தோள்ல இழுத்து விட்டியே, அத என்னால பாக்க முடியல."

வெண்டெல்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "அட மடையா அர்விட்! ஈஸ்ட் மும்முரமா வேல செய்யறப்போ தானே சூடாகும்யா. அதுக்கு மேல பட்டையும் கட்டி வருஷா வருஷம் நீ அத வேகவெச்சிருக்கே. அந்த நகப்பூச்சு வாசனை வேற எங்கேர்ந்து வந்துது? இவ பிடுங்கினதாலதான் பீர் பொழைச்சுது."

"பட்டை இல்லாட்டி அந்தக் குளிர்ல அத காப்பாத்தினது என் ஸ்வெட்டர்தானே?" என்றாள் கொரீன். விடமாட்டாளே அவள்!

அர்விட் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கம்பளி செம்மறியாட்டோடது கொரீன்" என்று சொல்லிவிட்டு, பலகையில் கொட்டை எழுத்தில் 'மார்லிஸ்' என்று எழுதினான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த குடுவைக்கு என்னையே காவல் வைத்தான். "எப்போ பிடுங்கணும்னு ஒனக்குத்தான் தெரியும்" என்று ஒரு கிண்டல் வேறு. பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து 'குளுக்' சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பல் கிட்டித்தது. அவன் குடுவையிலிருந்து எதையோ கழற்றி, அங்கே ஒரு பழைய போர்வையைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தான். என் தோளில் அதைப் போட்டு மெதுவாக இழுத்துவிட்டான். இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டான்.

"நடுங்கறே பாரு" என்றான்.

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறம், சிவப்பு வரி.

கழற்றி அவன் மூஞ்சியில் எறிந்திருக்கவேண்டும். ஆனால் சண்டாளி, என்ன நெருக்கமாகப் பின்னியிருக்கிறாள்! ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, அவளைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.