வெளுத்த முருகைக்கல்

ஆய்வுகூடத் தொட்டியில் இருந்த முருகைக்கல், அந்த உயிருள்ள பவளத் துண்டு, வெளுத்துப்போனதைக் கண்டதும் நான் செய்த முதல் வேலை செல்லையாவைக் கூப்பிட்டு ஏசியதுதான். யோசிப்பது எனக்கு எப்போதும் இரண்டாவது வேலை.

அது 1942, யூன் மாதம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். கொட்டாஞ்சேனையில் வீடு. தினமும் கோட்டையில் ரயில் ஏறி வருவேன். ஏப்ரலில் எதிரி விமானங்கள் குண்டு போட்ட பிறகு பாதிப் பிள்ளைகள் ஊரோடு போய்விட்டார்கள். இரவில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்ற இருட்டடிப்புச் சட்டமும் இறுகியது. ஆய்வுகூட ஜன்னல்களுக்கு நானே கறுப்புக் காகிதம் ஒட்டினேன். அதில் யாராவது கை வைத்தால் தொலைந்தீர்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியும் வைத்தேன்.

செல்லையா ஆய்வுகூடப் பணியாள். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தின் பின்னறையில் மனைவி மயிலம்மாவோடு இருந்தார். விடிந்ததும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய், இரண்டு வாளி கடல் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் மாற்றுவார். எதையும் வெள்ளையாகத் தேய்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன வருடம் புள்ளி போட்ட சோகிச் சிப்பிகளை விநாகிரிக் காடியில் ஊறப்போட்டு, நிறமெல்லாம் போக்கி, "இப்பத்தாங்க டீச்சர் சுத்தமா இருக்குது" என்று நீட்டியவர். கிணற்றுக்குப் போடவென்று வந்த பிளீச்சிங் பவுடர் டின்னும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"எவ்வளவு போட்டனீ?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் போடலீங்க டீச்சர்."

"அப்ப கல்லு தானா வெளுத்ததா?"

அவர் ஜன்னலை ஒரு தரம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றே அதிபர் சவுந்தரநாயகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு, அறையையும் காலி பண்ணும்படி அவர் செல்லையாவுக்குச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை செத்த கல்லை எறிந்துவிடலாமென்று ஆய்வுகூடத்துக்குப் போய் லைட்டைப் போட்டேன். எறியுமுன் பூதக்கண்ணாடியால் ஒரு தரம் பார்த்தேன். வெள்ளைக் கல்லின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதை இருந்தது. குட்டிக் கைகள் விரிந்து ஆடின. இறால் துணுக்கு ஒன்றைப் போட்டேன். பிடித்துக்கொண்டன. பிளீச்சிங் பவுடர் பட்டிருந்தால் சதையே மிஞ்சியிருக்காது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

கல்லைத் திருப்பினேன். ஜன்னல் பக்கம் உள்ளங்கை அளவு இடம் இன்னும் தவிட்டு நிறமாகவே இருந்தது. அதற்கு நேரே ஜன்னலைப் பார்த்தேன். காகிதத்தின் மூலை மட்டும் தடித்திருந்தது. பல தரம் உரித்து, பல தரம் சோற்றுப் பசை தடவி ஒட்டிய தடிப்பு. செல்லையா அன்று ஜன்னலைப் பார்த்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

முருகைக்கல்லின் நிறம் அதனுடையதல்ல. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைப்பதில் கல்லுக்கும் பங்கு உண்டு. இருட்டோ சூடோ கூடினால் அந்தக் குடித்தனம் குலையும். பாசிகள் போய்விடும், கல் வெளுத்து, சாகாமல் பட்டினி கிடக்கும். இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள் நான். ஏழு கிழமை அதை இருட்டில் பூட்டி வைத்தவளும் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதிபரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப யாற்றை பிழை?" என்றார் அவர்.

"என்ட பிழை, சேர். காகிதம் ஒட்டினது நான். செல்லையா உரிச்ச மூலையாலதான் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கு."

"சரி, கடிதத்தைக் கிழிச்சுப்போடுவம்."

"வேண்டாம் சேர். அதுக்குக் கீழேயே என்ட பிழையெண்டு எழுதித் தாறன்."

எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். மயிலம்மா பானை சட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நிறுத்தினாள். செல்லையா எழுந்து நின்றார்.

"நீ போக வேண்டாம். அதிபரிட்டச் சொல்லிப்போட்டன். பிழை என்னோடது, மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "அந்தக் கல்லு உசிரோட இருக்குதுங்களா?"

"இருக்கு. காகிதத்தை ஏன் உரிச்சனீ?"

"தண்ணி மாத்தறப்ப இருட்டுங்க. லைட்டு போட்டா கரண்டு வீணுன்னு சொல்லுவீங்க. காலையில உரிச்சுப்புட்டு, நீங்க வர்றதுக்குள்ள ஒட்டிருவேன்."

"பகலில வெளிச்சம் விட்டா இருட்டடிப்புப் பாக்க வாற வார்டன் ஒண்டும் செய்யமாட்டான். என்னட்ட அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"வார்டனுக்குப் பயமில்லீங்க டீச்சர்" என்றார் செல்லையா. "உங்களுக்குத்தாங்க."

 மயிலம்மா சாக்கை அவிழ்த்துப் பானையை வெளியே எடுத்தாள்.

மறுநாள் முதல் ரயிலில் வந்து ஜன்னல் காகிதம் முழுவதையும் நானே உரித்தேன். பொழுது சாயும்போது மாட்ட, கறுப்புக் காகிதம் ஒட்டிய மரச்சட்டம் ஒன்று அடிக்கச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டிமேல் வெளிச்சம் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், இரண்டு வாளித் தண்ணீரோடு செல்லையா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் வரச் சொல்லும்வரை உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.