கடை டேப்பில் முப்பத்திரண்டு

பிள்ளை பிறக்கும் தேதிக்கு அந்தக் காலத்தில் விலை, ஒன்றரை மீட்டர் பூப்போட்ட பருத்தித் துணி. நர்ஸம்மா கேட்கவில்லை. துணிக்கடைக்காரர் தானாகவே காகிதத்தில் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. நர்ஸம்மா ஓர் அட்டைச் சக்கரத்தைத் திருப்பி, கடைசி மாதவிலக்கு நாளில் முள்ளை வைத்து, இருபதாம் தேதி என்று எழுதினார். அது பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். சீருடைத் துணிக்குக் கடை வாசலைத் தாண்டி வரிசை நிற்கும்.

"கொஞ்சம் பாத்துப் போடுங்க நர்ஸம்மா. ஆறாம் தேதின்னு வச்சுக்கலாமே."

"இது என்ன உங்க கடையா, அடிச்சுக் கேக்க?"

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பத்து."

"துணிய வேணா வச்சுக்கறேன், பூ நல்லா இருக்கு. தேதி இருபதுதான்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முந்தைய தடவை மூன்றாம் மாதத்தோடு கலைந்துபோன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். துணி வீண்போகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு வயிற்றில் இருந்தவள் இந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பெயர் என்று ஒன்று பள்ளிக்கூடத்தில் கொடுக்க வைத்ததோடு சரி, வீட்டில் அவள் பொடிசுதான். பொடிசுக்கு இப்போது முப்பத்திரண்டாவது வாரம். வாரா வாரம் அவள் போன் ஒரு காயைக் காட்டி, பிள்ளை இன்று இத்தனை பெரிசு என்று சொல்லும்.

"பிள்ளையக் காய்கறிக் கடையில வச்சு எடை போடுதா உன் போனு? போன வாரம் முட்டைக்கோஸ். இந்த வாரம் என்ன?"

வழக்கமாகச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. காலையில் டாக்டரம்மா வயிற்றை அளந்து இருபத்தொன்பது என்றிருக்கிறார். வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது கணக்கு. மூன்று குறைகிறது. பயப்பட ஒன்றுமில்லை, திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாராம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில். காலையிலிருந்து அவள் கை வயிற்றை விட்டு நகரவில்லை.

"அப்பா, அம்மாவுக்கு வீட்டுல நீங்கதான் அளப்பீங்களாமே. அந்த டேப் இருக்கா?"

இருந்தது. அலமாரியில், மனைவியின் பிஸ்கட் டின்னில், ஒரு நோட்டின் மேல் சுருண்டு கிடந்தது. டின்னோடு எடுத்து வந்தார். பித்தளை முனை வைத்த ஒன்றரை மீட்டர் டேப். கட்டைவிரல் பட்டுப் பட்டு, பத்துக்குக் கீழே ஓர் எண்ணும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. அவருடைய அப்பா கடை தொடங்கிய வருஷமே முன்பக்கம் மூன்று சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, பித்தளை முனையைத் திரும்ப மடித்து அடித்திருந்தார். நூற்றைம்பது என்று அது சொன்னால் துணி நூற்று நாற்பத்தேழு இருக்கும். கடையைக் கைமாற்றிக் கொடுத்தபோது சாவியோடு இந்த விவரத்தையும் காதில் சொல்லிக் கொடுத்தார்.

மனைவி பொடிசைச் சுமந்தபோதும் இதே முப்பத்திரண்டாவது வாரம்தான். நர்ஸம்மா அளந்து, மூன்று குறையுதே என்றார். ஸ்கேன் எல்லாம் அப்போது எட்டாத உயரம். வீட்டுக்கு வந்த மனைவி சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, சாப்பிடவில்லை. அடுத்த நாள் ஞாயிறு. அவர் கடையைத் திறந்து டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அடிவயிற்று எலும்பிலிருந்து மேலே கர்ப்பப்பை முடிகிற மேடு வரை, நர்ஸம்மா அளந்த மாதிரியே வைத்து அளந்தார்.

"முப்பத்திரெண்டு. நீயே பாரு. அந்தம்மா டேப்பு பழசு, இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. அதான் குறைச்சுக் காட்டுது."

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டும் பென்சிலும் கேட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் அளப்பதும் அவள் எழுதுவதும் வழக்கமாயிற்று. அத்தனை வருஷம் வாடிக்கைக்காரர்களிடம் சொன்ன அதே பொய்யைத்தான் டேப் வீட்டிலும் சொன்னது. என்ன, இந்தத் தடவை லாபம் வாங்கியவருக்கு. நிஜ எண்ணை அவர் தனியாகத் தூக்கிச் சுமந்தார். கடையில் துணி கிழிக்கும்போதெல்லாம் கை நின்று நின்று போகும்.

கடைசியில் இவர் முதலில் கேட்ட ஆறுக்கும் நர்ஸம்மா விடாப்பிடியாக நின்ற இருபதுக்கும் நட்டநடுவில், பதின்மூன்றாம் தேதி, பேரம் படிந்தது. இரண்டேகால் கிலோ. "பொடிசா இருந்தாலும் கெட்டி" என்றார் நர்ஸம்மா. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாளே அவர் கடைக்குப் புது டேப் வாங்கினார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "பழசாயிடுச்சு" என்றார். அவள் "ம்" என்றாள். அவள் போய் நாலு வருஷமாகிறது.

இப்போது பொடிசு பித்தளை முனையைத் தானே எலும்பின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் டேப்பை மேடு வரை நீவிக் கொண்டுபோனார். விரல் எதையும் மறக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டு," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "உன் டாக்டரம்மா டேப்பு..."

"மூணு கழிச்சா இருபத்தொம்போது. அவங்க சரியாத்தான் அளந்திருக்காங்க."

"என்ன மூணு?"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் டேப்பைத் தேடி உள்ளே போய்வந்த களைப்பில் உட்கார்ந்திருந்தபோது அவள் அதைப் புரட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த நோட்டை அவர் ஒரு நாளும் பிரித்ததில்லை. எண்ணைச் சொன்னவருக்கு எழுதியதைப் பார்க்க என்ன அவசியம்? பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு வரி. 32 – 3 = 29. 33 – 3 = 30. முதல் வரிக்குக் கீழே பொடி எழுத்தில்: அவரிடம் கேட்க வேண்டாம். அளக்கும்போது மட்டும்தான் அவர் முகம் தெளிகிறது.

துணிக்கடைக்காரர் இரண்டு முறை படித்தார். எதிராளியின் கண்ணைப் பார்த்தே அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று சொல்லிவிடுகிற மனிதர். ஆறேழு ஞாயிற்றுக்கிழமை, ஒரே கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இருவரும் ஒரே சரக்கை ஒருவருக்கொருவர் விற்றிருக்கிறார்கள். அவர் விற்றதாக நினைத்தார். அவள் வாங்கியதாகக் காட்டிக்கொண்டாள்.

"அப்பா, இங்க பாருங்க. அம்மாவுக்கும் முப்பத்திரெண்டுல இருபத்தொம்போதுதான்."

"ஆமா."

"அந்த இருபத்தொம்போது நான்தானே?"

"நீதான்," என்றார். "சுத்தமான அளவு. இதுல ஒண்ணும் மறைக்கல."

"திங்கக்கிழம டாக்டரம்மாகிட்ட இத காட்டப் போறேன்," என்றாள். கை வயிற்றிலேயே இருந்தது. ஆனால் விரல்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. பக்கத்தைப் புரட்டியவள், "இது என்ன கணக்கு?" என்றாள்.

நோட்டின் கடைசிப் பக்கம். நர்ஸம்மா துணி: சொன்னது 150. இருந்தது 147. பாக்கி 3.

"நர்ஸம்மா சட்டை தைக்கக் கொடுத்தப்ப அளந்திருப்பாங்க," என்றார் அவர். "உங்கம்மாவும் அவங்களும் சேந்து பேசிவச்சிருக்காங்க. என்கிட்ட மட்டும் ஒருத்தரும் மூச்சு விடல."

"பாக்கிய குடுத்தீங்களா?"

"இருக்குன்னே இன்னைக்குத்தானேம்மா தெரியுது."

பொடிசு சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவை. பிறகு டின்னின் அடியிலிருந்த துண்டுப் பென்சிலை எடுத்து, அம்மாவின் எழுத்துக்குக் கீழே, வயிற்றின் மேலேயே நோட்டை வைத்துக்கொண்டு எழுதினாள். கடை டேப் 32. கழிவு 3. மீதி 29. அதற்கும் கீழே திங்கள் என்று எழுதி, எதிரே இடம் விட்டாள்.