வண்டி வராத மலை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூச்சு விடுவதுகூட ஒரு வேலையாகிவிட்டது. அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு, முதுகில் பையோடு ஏறி வந்து, எங்கள் ஊர் முகப்பில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பார்கள். வீட்டில் இருக்கும்போது மூக்கைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்களா? இழுத்து முடித்ததும் "என்ன அமைதி!" என்று ஆரம்பிப்பார்கள். அமைதியைப் பற்றி அவர்கள் பேசுகிற பேச்சில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து போய்விடும்.

நான் படித்தவன் இல்லை. வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். காய்கறி மூட்டையைக் கீழே இறக்கி, சிமெண்டும் காஸ் சிலிண்டரும் மேலே ஏற்றியே என் காலம் போனது. வலி கண்ட பெண்களும் என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். அந்த வண்டி ஏறி இறங்கிய தார்ச்சாலையை எங்கள் ஆட்களே கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள்.

யோசனை என் தம்பியுடையது. வாய் ஓயாததால் ஊரில் அவனுக்கு ரேடியோ என்று பேர். சாலை இருந்தபோது காலையில் ஒரு கூட்டம் வரும்; பாட்டைப் போட்டு ஆடி, பாட்டிலை உடைத்து, சாயங்காலம் இறங்கிவிடும். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. சாலையை எடுத்துவிட்டால் நடந்து வருகிறவன் தங்குவான், தங்குகிறவன் மலையை மதிப்பான் என்று ரேடியோ ஊர்க்கூட்டத்தில் பேசினான். வண்டி வராத மலை என்று பேர் வைத்து விளம்பரம் பண்ணலாம் என்றாள் அவன் மகள்.

"ஒடம்புக்கு முடியலேன்னா?" என்று நான் கேட்டேன்.

"அண்ணனுக்கு வண்டி போகுதேன்னு வயித்தெரிச்சல்," என்றான் ரேடியோ. கூட்டம் சிரித்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். என் கை மடியிலேயே இருந்தது.

தார் போனது. மண் போட்டார்கள். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் சாலையின் நட்டநடுவில் ஒரு மரக்கன்று நட்டார்கள். மனுசன் எடுத்துக்கொண்டதைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறார்களாம். எடுத்தது நாங்கள், கொடுப்பது அவர்கள். ஒவ்வொரு கன்றுக்கும் குச்சி வேலி, நட்டவர் பேர் எழுதிய பலகை. நடக்க ஓரத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டார்கள். நினைத்தபடியே கூட்டமும் வந்தது. ரேடியோ வீட்டில் விருந்தாளிகள் தங்கப் புதிதாக நாலு அறை எழும்பியது.

அன்றைக்குக் காலையில் அவன் மகள் என் கதவை இடித்தாள்.

"பெரியப்பா, அப்பா பேசாம உக்காந்திருக்காரு."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

விருந்தாளிகளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தவன் அடுப்படியில் தரையில் சரிந்து கிடந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். சட்டியில் முட்டை கருகி நாறியது. விருந்தாளிகளில் ஒருவர் டாக்டர் என்று யாரோ சொல்ல, எல்லோரும் வழிவிட்டார்கள்.

"நான் பல் டாக்டருங்க," என்றார் அந்த ஆள். பாவம், அவருக்கே முகம் வெளுத்துவிட்டது. நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இது நெஞ்சுதான். ஒடனே கொண்டுபோகணும். ஆம்புலன்ஸ் எது வரைக்கும் வரும்?"

எல்லோரும் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்," என்றான் ரேடியோ, கண்ணைத் திறக்காமலே.

மகள் போன் போட்டாள். அடிவாரத்தில் வந்து நிற்கிறோம் என்றார்கள். மர நாற்காலியில் அவனை உட்காரவைத்து, போர்வையால் கட்டி, இரண்டு பக்கமும் கழி கொடுத்து நாலு பேர் தூக்கினோம். முன்னால் நானும் பல் டாக்டரும். பின்னால் விருந்தாளிப் பையன்கள் இரண்டு பேர். மகள் கூடவே ஓடி வந்தாள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலோடு வந்தார். நல்ல மனசுக்காரர்கள்தான்.

"அண்ணே, மெதுவா. நான் காய்கறி மூட்டை இல்ல."

"மூட்டைன்னா சத்தமில்லாம வரும். வாய மூடு."

"மூடிட்டா நீ பயந்துருவே."

ஓர் ஆள் வழியில் இரண்டு பேர் எப்படிச் சேர்ந்து நடப்பது? ஒருத்தர் வழியில், மற்றவர் கன்றுகளுக்கு நடுவில் என்று தத்தித் தத்தி இறங்கினோம். வளைவு வந்தது. அங்கே ஒரு வேலி வழியை ஒட்டியே நின்றது. அந்தப் பக்கம் சரிவு. நாற்காலி நுழையாது. நான் காலை ஓங்கினேன், உதைத்தால் அந்தக் குச்சி என்ன தாங்கும்?

"ஐயோ வேண்டாம்!" கண்ணாடிக்காரம்மா ஓடி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டார். "அது எங்கம்மா மரம். அம்மாவோட சாம்பல இதுக்கடியிலதான் போட்டோம்."

"உசிரோட இருக்கறவன் போகணும், தள்ளும்மா!"

அவர் அழுதார். கையை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாதென்று நினைத்தாரா, எடுக்க வரவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"விருந்தாளி மரம்ணே," என்றான் ரேடியோ. குரல் உள்ளே போயிருந்தது. "மிதிக்காதே. நெட்டுல நாலு பேரு நாலு விதமா எழுதுவாங்க. சுத்திப் போ."

"சுத்திப் போயிரலாம் பெரியப்பா," என்றாள் மகளும்.

சரிவில் இறங்கிச் சுற்றினோம். பின்னால் வந்த பையனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, கட்டு அவிழ்ந்து, அவனைப் பிடித்து நிறுத்தி, மறுபடி கட்டி, மேலே ஏற்றி வழிக்கு வருவதற்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டியது.

"ரேடியோ," என்றேன். நான் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் தலை தொங்கிக் கிடந்தது.

பல் டாக்டர் அவனை மண்ணில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார், தன் கை சோரும்வரை அழுத்தினார். கீழே மரங்களுக்கு இடையில் ஆம்புலன்ஸ் வெள்ளையாகத் தெரிந்தது. அதிலிருந்த ஆட்கள் ஏறி வந்து சேர்ந்தபோது தம்பி குளிர்ந்திருந்தான்.

கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூட அறையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மறுபடி சாலை போட வேண்டும் என்றேன். தம்பி மகள் எழுந்தாள். அழுது அழுது அவள் கண் சிறுத்திருந்தது.

"சாலை வந்தா பழைய கூட்டம் வரும், பெரியப்பா. இப்ப வர்றவங்க வரமாட்டாங்க. அப்புறம் நாங்கல்லாம் டவுனுக்குப் போயி யார் வீட்டுலயாவது பாத்திரம் தேய்க்கணும். அப்பா அதுக்கா இவ்ளோ பாடுபட்டாரு?"

"ஒங்கப்பன் எதனால செத்தான்?"

"நெஞ்சு வலியால, பெரியப்பா."

பல் டாக்டரும் இதற்காகவே வந்திருந்தார். அவரைப் பார்த்தேன். "சாலை இருந்திருந்தா பொழைச்சிருப்பானா?"

"சொல்ல முடியாதுங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. விருந்தாளிகள் சேர்ந்து மடக்குகிற ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கித் தருகிறார்களாம். சாலை வேண்டாம், ஸ்ட்ரெச்சர் போதும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை தம்பி பெண்டாட்டியுடையது. என் பக்கம் திரும்பாமலே தூக்கினாள்.

நான் எழுந்தேன்.

"மாமா, இருங்க. யார் யார் தூக்கறதுன்னு முறை போடணும்," என்றாள்.

"எம் பேரப் போடாதீங்க."

"இன்னும் கோவம் போகலயா பெரியப்பா?" என்றாள் மகள்.

வெளியே வந்துவிட்டேன். மடக்கினாலும் விரித்தாலும் படுத்த ஆளின் நீளம் குறையுமா? அந்த வளைவில் அதை எப்படித் திருப்புவார்கள் என்று உள்ளே ஒருத்தரும் கேட்கவில்லை. கைதட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.