சத்தம் வராத கால்கட்டைகள்

ஆர்கன் மேடத்துக்கு இடுப்பு மூட்டு மாற்றிப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கச்சேரியா என்று வாயைப் பிளக்காதவர்கள் இல்லை. நாற்பது வருஷமாக ஊர் இசை அரங்கத்தில் ஆர்கன் வாத்தியம் என்றால் அவர்தான். சுவரை அடைத்து நிற்கிற மூவாயிரம் குழாய்களும் அவர் சொன்னபடி கேட்கும். கேட்காத ஒரே ஆள் அவர் பெற்ற மகன்.

மகன் எலும்பு டாக்டர். "ஒரு காலைத் தாண்டி இன்னொரு காலைப் போடக் கூடாதும்மா, மூட்டு நழுவிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னான். ஆர்கனில் கைக்கு மூன்று வரிசைக் கட்டைகள் என்றால், காலுக்கென்று கீழே தனியாக ஒரு வரிசை உண்டு. அதில் காலைத் தாண்டிக் கால் போடாமல் வாசிப்பது, வாயைத் திறக்காமல் சாப்பிடுகிற கதைதான். மகன் சொன்னதோடு விட்டானா? அரங்கச் செயலாளரிடம் தானே போய், "இனிமே அம்மா கையால வாசிக்கிற சின்ன உருப்படிங்க மட்டும்தான். பெரிசுக்கெல்லாம் வேற ஆள் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். செயலாளரும் சரி சரி என்று தலையாட்டி, அடுத்த வருஷப் பட்டியலில் வேறொருத்தர் பெயரை எழுதியே விட்டார்.

விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. "கை மட்டும் போதும்னா பியானோ வாசிச்சிட்டுப் போயிருப்பேனேடா! என் காலுக்கு ஆள் வைக்க நீ யாரு?" என்று கத்தினார் மேடம். மகன் அசரவில்லை. அப்புறம் மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தினால் பரவாயில்லை, வாயை மூடினால்தான் வம்பு என்பது பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் அத்தையைத் தனியே கூப்பிட்டுச் சத்தியம் வாங்கி வைத்திருந்தான்.

அத்தை என்றால் மேடத்தின் நாத்தனார். ஆர்கனில் ஒவ்வொரு வகைக் குழாய்க்கும் ஒரு குமிழ் உண்டு. அதை வெளியே இழுத்தால்தான் அந்தக் குழாய்கள் பேசும். இழுக்காவிட்டால் கட்டையை ஏறி மிதித்தாலும் ஒரு முனகல்கூட வராது. மேடத்தின் பக்கத்தில் நின்று குமிழ் இழுப்பதும் பக்கம் புரட்டுவதும் முப்பது வருஷமாக நாத்தனார்தான். கால்கட்டைகளுக்கான நாலு குமிழ்கள் வலது கோடியில், உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. அந்த நாலையும் தொட மாட்டேன் என்பதுதான் சத்தியம். ஆஸ்பத்திரியில் அண்ணி பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள், சத்தியம் செய்ய எப்படி மறுப்பாள்?

கச்சேரி அன்று சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. முதல் ஐந்து உருப்படிகளும் முந்நூறு வருஷத்துப் பழைய இசை, கையால் மட்டும் வாசிப்பவை. சும்மா சொல்லக் கூடாது, அமர்க்களம்! ஆறாவதாக நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருந்தது ஒரு சின்ன நடன உருப்படி. மேடம் அந்தத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பையிலிருந்து தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பசகாலியா என்கிற பெரிய உருப்படி. கால்கள் மட்டும் தனியாக எட்டுத் தாள அளவு வாசித்துத் தொடங்கும். அந்த எட்டு அளவுதான் கடைசிவரை திரும்பத் திரும்ப வரும், மேலே கைகள் அதன்மீது கட்டிக்கொண்டே போகும்.

"கால் குமிழ்ல முதல் ரெண்டு" என்றார் மேடம், திரும்பாமல்.

"வேண்டாம் அண்ணி."

"இழுடி."

இழுத்திருப்பாள் என்று நம்பி மேடம் காலை வைத்தார். சத்தம் வரவில்லை. ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் பாதங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. இடது, வலது, தாண்டி மறுபடி இடது. காற்று மோட்டாரின் உறுமலும் மரக்கட்டைகள் தட்டுகிற டொக் டொக்கும் தவிர அரங்கத்தில் வேறு ஓசை இல்லை. யாரோ இருமினார்கள்.

நாத்தனார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மேடத்துக்குப் புரிந்துவிட்டது. ஆத்திரம் தலைக்கேறியது. அதைவிட அவமானம் பிடுங்கித் தின்றது. பின்பக்கம் பார்ப்பதற்காக நோட்டுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் முதல் வரிசையில் மகன் பாதி எழுந்திருப்பது தெரிந்தது. நிறுத்தினால் தீர்ந்தது, பாவம், வயசாகிவிட்டது, தடுமாறிவிட்டார் என்று ஊரே உச்சுக் கொட்டும்.

மேடம் நிறுத்தவில்லை. எட்டு அளவு முடிந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து மிதித்தார். டொக், டொக். மூன்றாம் தடவையும் மிதித்தார். இடுப்பில் சுருக்கென்றது.

"அண்ணி, அவனுக்குச் சத்தியம் பண்ணிட்டேன்" என்று அழாத குறையாக முணுமுணுத்தாள் நாத்தனார்.

"பண்ணிக்கோ. விடியற வரைக்கும் இப்படியே மிதிப்பேன். எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்."

நாலாம் தடவை தொடங்கியது. நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்குங்க" என்று பல்லைக் கடித்தபடி முதல் இரண்டு குமிழ்களையும் இழுத்தாள். தரை அதிர்ந்தது. முதல் வரிசையில் மகன் பொத்தென்று உட்கார்ந்தான்.

அப்புறம் கால் மணி நேரம் மேடம் யாரையும் மூச்சுவிட விடவில்லை. தாண்டக் கூடாத கால் தாண்டிக்கொண்டே இருந்தது. வலி வந்தபோது இன்னும் அழுத்தி மிதித்தார். கடைசி ஒலி அடங்கியதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பட்டியலில் வேறு பெயர் எழுதிய செயலாளரும்தான்.

"எந்திரிங்க அண்ணி, கும்பிடு போடுங்க" என்றாள் நாத்தனார்.

மேடம் பெஞ்சில் கையை ஊன்றினார். வலது கால் வரவில்லை. இன்னொரு தரம் ஊன்றிப் பார்த்தார். ஊஹூம், நகரவே இல்லை. கைதட்டல் நீண்டுகொண்டே போனது. மகன் மேடைப் படியேறி வந்து, அம்மாவின் இடுப்பையே பார்த்தபடி கையை நீட்டினான்.

மேடம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "போய் உக்காருடா. இன்னும் ஒண்ணு பாக்கி."

அவன் கீழே இறங்கியதும் நாத்தனார் காதருகே குனிந்தாள். "எந்திரிக்க முடியலையா அண்ணி?"

"எந்திரிக்கத்தான் முடியலை. வாசிக்க முடியுது. நாலையும் இழு."