மருமகளின் மயக்கம்

அந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் இருந்தது குளியலறைக்கு மட்டும்தான். மருமகள் புத்தகத்தைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு காலையில் அங்கே போய் அடைந்துகொள்வாள். குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ரத்த அணுக்களைப் பற்றி முணுமுணுப்பாள்.

ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள் அவள். டெக்னீஷியன் பரீட்சையில் தேறினால் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரலாம். போன தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு எழுதிக் கோட்டை விட்டாள். வயது வரம்பு இந்த ஆண்டோடு சரி. அதனால் இந்த முறை, லாரியோடு வெளியூர் போயிருந்த புருஷனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெளியே உட்கார்ந்து படிக்கத்தான் முடியுமா? கூடத்தில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிற கொழுந்தன் ஒரு பக்கம்.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்!"

"அம்மா, என் சீப்பு எங்கே?" இது அவளுடைய மகள்.

"உன் தலையிலதான் சொருகியிருக்கு, போ!" உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, உள்ளயே தூங்கிட்டியா?" அத்தை கதவைத் தட்டினாள்.

"வயித்தைப் பிரட்டுது அத்தை." வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள்.

இவள் வெளியே வந்தபோது அத்தையின் முகமெல்லாம் பல்.

"போய்ப் படுத்துக்கோ. இனிமே துணி, பாத்திரம் எதையும் தொடாதே."

கொழுந்தன் ஸ்பீக்கரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "மாடிக்குப் போறேன் அண்ணி. உள்ள இருக்கறவருக்குக் காது வலிக்கப்போகுது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். வீடு அத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த 'நாளைக்கு' தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பாடம் மளமளவென்று மண்டையில் ஏறியது. புருஷன்தான் போனில் பதறினான்.

"அம்மா சந்தோஷத்துல அழறாங்க. எனக்குத் தெரியாம எப்படிடி?"

"எனக்கும் தெரியாமத்தான்."

"விளையாடாதே. எப்ப உண்மையைச் சொல்லப்போறே?"

"பரீட்சை முடியட்டுங்க."

"அதுக்குள்ள பேரே வச்சிடுவாங்க!"

சிரித்துக்கொண்டே போனை வைத்தவள் அறைக்கு வெளியே பார்த்தாள். ஈரத்துணி வாளியோடு அத்தை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினாள்.

"விடு! நீ தூக்கக்கூடாது!"

"தூக்கலாம் அத்தை. குழந்தையும் இல்லை, கிழந்தையும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கறேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் நாத்தனார்கிட்ட சொல்லியாச்சு. பால்காரர்கிட்ட சொல்லியாச்சு. இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வெளிய போவேன்?"

"தப்புதான் அத்தை."

"வயித்தைப் பிரட்டுதுன்னியே?"

"புத்தகத்தைத் திறந்தா நிஜமாவே பிரட்டுது."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் போலத்தான் இருந்தது. ஆனால் தோள் குலுங்கியது.

"என்னைக்குப் பரீட்சை?"

"வர்ற சனிக்கிழமை."

"போன தடவை மாதிரி ஆச்சுன்னா?"

"அவ்வளவுதான். அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது."

மாடியிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "என்னம்மா, அண்ணி கையில வாளி?"

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை ஒரு கணம் இவளையே பார்த்தாள்.

"மயக்கமா வருதுங்கறாடா! வாளியைக் கீழ வைன்னாலும் கேக்கறாளா? நீ வந்து தூக்கிட்டுப் போய்க் காயப்போடு!"

அவன் முனகிக்கொண்டே வந்து வாளியை வாங்கிப் போனான். அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"சனிக்கிழமை வரைக்கும் நீ மாசமாவே இரு. மத்ததை நான் பாத்துக்கறேன். பாஸ் பண்ணலைன்னா மட்டும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

மருமகள் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தாள். முதல் தடவையாகப் புத்தகத்தை ஒளிக்காமல் மடியில் விரித்தாள். வெளியே மகளின் காலடிச் சத்தம்.

"அம்மா, என் ரிப்பன்..."

"ஷ்ஷ்! அம்மாவை ஏண்டி கூப்பிடறே? என்னைக் கேளு," என்றாள் அத்தை.